சூப்பர்நேச்சுரல்னா எல்லாமே அமானுஷ்யம்தானா?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. ஐயா காலத்து வீட்ட டூரிஸ்ட் வந்து தங்குற மாதிரி மாத்திக்கிட்டு இருக்காங்களாம், அதுக்கு இங்கிலீஷ்ல ஒருத்தர் அறிமுகம் எழுதிக் குடுத்துருக்காரு, வீட்டுல முன்னோரக் கும்புடுற படைப்பப் பத்தி சொல்ற எடத்துல 'சூப்பர்நேச்சுரல்'னு வருது, இவரு அத 'அமானுஷ்ய வழிபாடு'ன்னு தமிழ்ல போட்டுட்டாரு. அப்பச்சி படிச்சுட்டு "ஏன்டா, நம்ம வீட்டுல பேயா குடியிருக்கு?"ன்னு சத்தம் போட்டாராம். டிக்‌ஷனரில அப்படித்தான் இருக்கு, இதுல என்ன தப்புன்னு கேள்வி.

தம்பி, டிக்‌ஷனரியும் சரி, அப்பச்சியும் சரி.

இந்த வார்த்தைல இருக்க 'சூப்பர்' நாம சாம்பார் சூப்பர்னு சொல்ற சூப்பர் இல்ல, லத்தீன்ல 'மேல', 'கடந்து'ன்னு அர்த்தம், அதாவது இயற்கைக்கு மேல உள்ளது. 13ஆம் நூற்றாண்டுல தாமஸ் அக்வினாஸ் மாதிரி கிறிஸ்தவ சிந்தனையாளர்கள் கடவுளோட அருளச் சொல்லத்தான் இத நெறைய எடுத்தாண்டாங்க. பேய், ஆவி எல்லாம் அதே குடைக்குள்ள வந்து நின்னுக்கிச்சு. அதனால இங்கிலீஷ்காரருக்கு சாமி வர்றதும் சூப்பர்நேச்சுரல், பேய் பிடிக்கிறதும் சூப்பர்நேச்சுரல்.

'அமானுஷ்யம்'ங்கிறதுக்கும் நேர் அர்த்தம் 'மனுசத்தன்மை இல்லாதது', அவ்வளவுதான், அதுல பயம் ஒண்ணும் கெடையாது. ஆனா பேய்ப்படமும் வாரப்பத்திரிகைத் தொடரும் யூடியூப் தம்ப்நெயிலும் சேந்து அந்த வார்த்தைய இருட்டுக்குள்ள தள்ளிவிட்டிருச்சு. இப்ப அமானுஷ்யம்னு சொன்னாலே பூட்டுன வீடு, ராத்திரி பன்னெண்டு மணி, கொலுசு சத்தம்னுதான் மனசு போகும். அர்த்தம் மாறலன்னு எவ்வளவு வாதாடினாலும் கேக்குறவன் காதுல விழுறதுதான் வார்த்தையோட அர்த்தம், இது என் அபிப்பிராயம்.

படைப்புல என்ன நடக்குது? செத்துப்போன நம்ம பெரியவங்களுக்கு புதுச்சேலை, வேட்டி வச்சு, இலை போட்டுப் பரிமாறி, குடும்பமே விழுந்து கும்புடுது. அதுல பயம் எங்க இருக்கு? அங்க 'தெய்வமான முன்னோர்'னு போட்டா முடிஞ்சுது. சாமியாடிக்கு 'அருள் வருது', கருப்பர்கிட்ட 'குறி கேக்குறாங்க', இதுக்கெல்லாம் நம்மகிட்டயே வார்த்தை தயாரா இருக்கு, இங்கிலீஷ் வழியா சுத்திப் போயி அமானுஷ்யத்துல எறங்க வேண்டாம். சித்தர் கதைன்னா 'சித்தி', புராணத்துல வர்ற அதிசயம்னா 'தெய்வீகம்'. பேய்க்கதைன்னா மட்டும் 'அமானுஷ்யம்' தாராளமா போடுங்க, அங்க அது கச்சிதமா உக்காரும். நம்ம ஆச்சிமாரு அதையும் 'காத்து கருப்பு'ன்னு ரெண்டே வார்த்தைல முடிச்சுருவாங்க.

எல்லாத்தையும் பொதுவா சேத்து சொல்லணும், கட்டுரை மாதிரி எடம்னா 'இயற்கைக்கு அப்பாற்பட்ட'. இங்க ஒரு குழி இருக்கு, 'இயற்கைக்கு மாறான'ன்னு எழுதிறாதீங்க. அது அன்நேச்சுரல். போலீஸ் கேஸ்ல வர்ற 'இயற்கைக்கு மாறான மரணம்' விபத்து, தற்கொலை மாதிரி சாவு, அதுக்கும் ஆவிக்கும் சம்பந்தம் இல்ல.

இன்னொண்ணு. காரைக்குடில ஒரு கடை போர்டுல 'சூப்பர்நேச்சுரல் செக்கு எண்ணெய்'னு ஒரே வார்த்தையா எழுதியிருந்ததப் பாத்தேன், சுத்தமான எண்ணெய்னு சொல்ல வந்து பேய் ஆட்டுன எண்ணெய் ஆயிப்போச்சு. பிரிச்சு எழுதுனா ரொம்ப இயற்கையானது, சேத்து எழுதுனா இயற்கையத் தாண்டினது. கனடால பிரிட்டிஷ் கொலம்பியா டூரிசம்காரங்க இதையே நடுவுல ஒரு கமா போட்டு வேணும்னே விளையாட்டா விளம்பரத்துக்கு வச்சுருக்காங்க, அது தெரிஞ்சு செஞ்சது.

கடைசியா நீங்க கேட்ட விசயம், ராத்திரி வீட்டோட உள்பகுதி ரெண்டாங்கட்டுல 'டக்'குன்னு சத்தம் கேக்குது, அத அமானுஷ்யம்னு போட்டா டூரிஸ்ட் வருவாங்களான்னு. வருவாங்க, வேற கூட்டம் வரும். பகல் வெயில்ல சூடேறுன பர்மா தேக்கு உத்தரமும் ஓடும் ராத்திரி ஆறும்போது சுருங்கி சத்தம் போடும், வவ்வால் இருந்தா கேக்கவே வேண்டாம். 'பழைய தேக்கு ராத்திரி பேசும்'னு எழுதுங்க, பயப்படுறவன் பயந்துக்கட்டும், ரசிக்கிறவன் ரசிக்கட்டும். ஆனா பிரிண்டுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி அப்பச்சிகிட்ட ஒருதடவ காட்டிருங்க.