ஒரே முகத்தில் இரண்டு பார்வை
ஓவிய வகுப்பு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தங்கள் முகத்தைக் கியூபிச பாணியில் வரையச் சொன்னேன். முகத்தை வரைந்து, மேலே ஸ்கேலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, கட்டத்துக்கு ஒரு வண்ணம் அடித்தார்கள். உடைந்த கண்ணாடி மாதிரி இருக்கிறதே தவிர, கியூபிசமாக இல்லையே?

பதில்: நேர்முகத்தை எத்தனை துண்டாக நறுக்கினாலும் அது நேர்முகம்தான். பாரிசில் 1907-க்குப் பிறகு கியூபிசத்தைத் தொடங்கிய ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் செய்தது வேறு: பல பக்கங்களிலிருந்து பார்த்ததை ஒரே தாளில் சேர்த்தார்கள். அதனால் கோட்டுக்கு முன்னால் இரண்டாவது பார்வை வேண்டும்.

தன் பக்கவாட்டு முகத்தை ஒற்றைக் கண்ணாடியில் பார்க்க முடியாது. நிழலைப் பிடியுங்கள். முழு சார்ட்டை நான்காக வெட்டினால் 11-க்கு 14 அங்குலத் தாள் கிடைக்கும். பிள்ளையின் தலை அளவுக்கு அது போதும். தாளைச் சுவரில் ஒட்டி, பிள்ளையைச் சுவரோரமாகப் பக்கவாட்டில் நிற்க வையுங்கள். டார்ச்சை இரண்டு மீட்டர் தள்ளிப் பிடியுங்கள். கிட்டே கொண்டுவந்தால் நிழல் பெருத்துத் தாளை விட்டு ஓடிவிடும். நெற்றி, மூக்கு, உதடு, மோவாய் வரை மட்டும் நண்பர் பென்சிலால் வரையட்டும்.

அந்தக் கோடு நடுவில் வரும்படி சுற்றி ஒரு முட்டை வடிவம். இனிக் கண்ணாடியைக் கையில் கொடுங்கள். மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தில் நேராகப் பார்க்கும் முழுக்கண். மறுபாதியில் பக்கவாட்டுக் கண், அது முக்கோணம் போலிருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் இங்கேதான் பழக்கதோஷத்தில் இரண்டையும் ஒரேமாதிரி போட்டுவிடுவார்கள். காது ஒன்று போதும்.

முகத்தைத் துண்டாக்கும் கோடுகள் நான்கைந்துக்கு மேல் வேண்டாம். தாளின் விளிம்பில் தொடங்கி, மூக்கிலோ கன்னத்திலோ முட்டி நிற்கட்டும். எந்தத் துண்டும் மூன்று விரல் அகலத்துக்குக் குறைந்தால் ஆயில் பேஸ்டல் (மெழுகு கலந்த வண்ணக்குச்சி) உள்ளே நுழையாது. துண்டு முழுக்க ஒரே அழுத்தத்தில் அடிக்காமல், ஒரு விளிம்பில் அழுத்தி மறுவிளிம்பில் மங்கவிட்டால் மடிப்பு தெரியும்.

காட்டுவதற்கு, பிக்காசோ தன் தோழி டோரா மாரை 1937-இல் வரைந்த உருவப்படம் நல்லது. கறாராகச் சொன்னால் அது கியூபிசக் காலம் முடிந்து வெகுநாள் கழித்து வரைந்தது. ஆனால் 1910-இல் அவர் வரைந்த, ஓவிய வணிகர் கான்வைலரின் படத்தில் முகத்தைத் தேடவே பெரியவர்கள் திணறுவார்கள்.

கேள்வி: ஆயில் பேஸ்டல் அடித்த பிறகு ஸ்கெட்ச் பேனாவால் எல்லைக்கோடு போட்டால் எழுதவே மாட்டேன் என்கிறது.

பதில்: மெழுகில் தண்ணீர் மை பிடிக்காது, முனையும் அடைத்துக்கொள்ளும். கருப்பு ஆயில் பேஸ்டலாலேயே கடைசியில் கோடு போடுங்கள். கைக்கு அடியில் ஒரு வெற்றுத் தாள் வைத்தால் இழுசாது.

கேள்வி: ஒன்றாம் வகுப்புக்கும் இது வருமா?

பதில்: வரையச் சொன்னால் வராது, ஒட்டச் சொன்னால் வரும். ஒரே இடத்தில் நிற்கவைத்து நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எனப் படம் எடுத்து, கருப்பு வெள்ளையில் அச்சிடுங்கள். கேமராவின் தூரம் மாறினால் தலை அளவு மாறி, துண்டுகள் பொருந்தாது. ஒவ்வொன்றையும் நான்காக வெட்டி, இரண்டிலிருந்தும் கலந்து அட்டையில் அடுக்கச் சொல்லுங்கள். பசை குச்சிப் பசையாக இருக்கட்டும். ஃபெவிகால் அதிகமானால் மெல்லிய தாள் சுருங்கிவிடும்.