ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சாம்பல் நிறங்களில் எதை அடிப்பது?

படுக்கையறைக்கு எடுத்து வைத்த இரண்டு சாம்பல் நிறங்களும் ஷேடு கார்டில் ஒன்றுபோலத் தெரிகின்றன, எதை அடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் எங்கள் வீட்டு அறைக்கு இதே குழப்பத்தில் அட்டையை மட்டும் நம்பி ஒன்றை அடித்தேன். கடையில் சிமென்ட் பூச்சுப் போல இருந்த நிறம், இரவில் டியூப்லைட்டைப் போட்டதும் கத்தரிப்பூ நிறமாகிவிட்டது.

சாம்பல் என்று விற்கப்படுவது பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையும் மட்டும் கலந்தது அல்ல. கடையிலுள்ள இயந்திரம் வெள்ளை பேஸில் கறுப்போடு மஞ்சள், சிவப்பு, நீலம் போன்ற சாயங்களையும் சிறிது சிறிதாக விடுகிறது. அந்தச் சாயலைக் காண, இரண்டு அட்டைகளையும் வெள்ளைத் தாளின்மேல் அருகருகே வையுங்கள். அதே வரிசையில் மிக அடர்ந்த நிறம் எது என்றும் பாருங்கள். வெளிர் நிறம் மறைப்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது தரை. எங்கள் தரையில் இருப்பது ஐவரி டைல்ஸ். மஞ்சள் கலந்த பரப்பின் பக்கத்தில் நிற்கும் சாம்பல், கண்ணுக்கு இன்னும் நீலமாகவே தெரியும். பிரான்சின் கோப்லான் நெசவுச்சாலையில் கறுப்பு நூல் சோபிக்கவில்லை என்று புகார் எழுந்தபோது, குறை சாயத்தில் இல்லை, பக்கத்திலிருந்த நீல, ஊதா நூல்களில்தான் என்று கண்டுகொண்ட வேதியியலாளர் செவ்ரல், 1839இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

வடக்கு ஜன்னல் அறையில் நிறம் எப்போதும் நீலம் பாயும் என்று மேலைநாட்டுக் குறிப்புகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊரில் மே முதல் ஜூலை வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்பதால் வடக்கு ஜன்னல் பக்கமும் வெயில் படும். இரவு விளக்குதான் பெரிய வேறுபாடு. விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவான கெல்வினில் 6500 உள்ள வெள்ளை விளக்கு நீலச் சாயலைத் தூக்கிக் காட்டும். 3000 கெல்வின் மஞ்சள் ஒளி விளக்கு அதை அடக்கும்.

ஆகவே இரண்டிலும் சாம்பிள் டப்பா வாங்கி, சுவரில் அல்லாமல், கெட்டியான வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்து நன்றாகக் காய விடுங்கள். பழைய மஞ்சள் சுவரில் நேரடியாக அடித்துப் பார்த்தால் கண் ஏமாறும். அட்டைகளைக் காலையிலும் மாலையிலும் விளக்கைப் போட்ட பிறகும் ஒவ்வொரு சுவரிலும் சாய்த்துப் பாருங்கள். அப்படிப் பார்த்த பிறகுதான், இரண்டாம் முறை அடித்தபோது மஞ்சள் சாயலுள்ள சாம்பலுக்கு மாறினேன். அப்போதும் வேறுபாடு தெரியவில்லையென்றால் வெளிர்ந்ததை எடுங்கள். நான்கு சுவரிலும் ஏறிய பிறகு எந்த நிறமும் அட்டையில் பார்த்ததைவிட அழுத்தமாகவே தெரியும். தேவையான டப்பாக்களை ஒரே நாளில் கலக்கச் சொல்லி வாங்குங்கள், ஏனெனில் அதே ஷேடு நம்பரை மறுமுறை கலக்கும்போது நிறம் சற்றே பிசகக்கூடும்.