எந்த வீடும் கூப்பிடாவிட்டால்?

கேள்வி: அக்கா, நாங்கள் ஹன்ட்ஸ்வில்லில் இருக்கிறோம். ஆகஸ்டில் அலபாமா பல்கலைக்கழகத்தில் சேருகிறேன். சொராரிட்டி எனும் மாணவியர் சங்கங்கள் (‘வீடு’ என்பார்கள்) ஆள் சேர்க்கும் ரெக்ரூட்மென்ட்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். “காசு கொடுத்து சிநேகிதம் வாங்கப் போறியா?” என்கிறார் அம்மா. எனக்கோ எந்த வீடும் கூப்பிடாவிட்டால் என்ன செய்வது என்று பயம். என் நிறமும் குறுக்கே நிற்குமோ?
– ஒரு மாணவி

பதில்: அம்மா கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. ஒரு செமஸ்டருக்கே ஆயிரக்கணக்கான டாலர் ஆகும், சேர்ந்த புதிதில் இன்னும் கூடுதல். அந்தக் கணக்கை இப்போதே அம்மாவோடு உட்கார்ந்து போட்டுவிடு. சேரச் சொல்லி அழைக்கும் பிட் கார்டு கைக்கு வந்தபிறகு பேசுகிற பேச்சல்ல அது.

அடுத்து உன் பயம். எல்லா வீடுகளையும் சந்திக்கும் முதல் சுற்றான ஓப்பன் ஹவுஸ் முடிந்ததும் பெயர்கள் குறையத் தொடங்கும். நீ உன் விருப்பத்தை வரிசைப்படுத்துவாய், அவர்களும் பட்டியல் கொடுப்பார்கள், இரண்டையும் கம்ப்யூட்டர் பொருத்தும். இதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. எல்லோரும் ஆசைப்படும் வீடுகள், அழைத்தால் அநேகமாக எல்லோரும் திரும்பி வருவார்கள் என்பதால், ஆரம்பத்திலேயே நிறையப் பேரைக் கழித்தாக வேண்டும். விதியே அப்படி. ஆகவே அடுத்த சுற்று தொடங்கும் காலையில் உன் பட்டியல் பாதியானால், முந்தின சுற்றில் பேசியதில் என்ன தப்பு என்று தேடாதே. பத்து நிமிஷப் பேச்சில் உன்னை அளக்க யாராலும் முடியாது. சொல்லப்போனால், எடை போடும் வேலையில் பாதி, உன் மதிப்பெண்ணையும் இன்ஸ்டாகிராமையும் வைத்து, நீ போய்ச் சேருமுன்பே நடந்திருக்கும்.

நிறத்தைப் பற்றிக் கேட்டாய், மழுப்ப மாட்டேன். 2013 செப்டம்பரில் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் பத்திரிகை ‘த க்ரிம்சன் ஒயிட்’ ஒரு செய்தி போட்டது. கறுப்பின மாணவி ஒருத்தியைச் சேர்க்க உள்ளே இருந்த பெண்களே விரும்பியும், பழைய உறுப்பினர்கள் தடுத்தார்கள் என்று. நாடே பேசியது, அதன் பிறகுதான் கதவு திறந்தது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு வீட்டிலும் உன்னைப் போன்றவர்கள் எத்தனை பேர், அவர்கள் போட்டோவில் மட்டும் நிற்கிறார்களா, பொறுப்பிலும் இருக்கிறார்களா என்று பார். கூச்சப்படாமல் கேள். தெற்காசியப் பெண்களுக்கென்றே தொடங்கிய சொராரிட்டிகளும் அமெரிக்காவில் உண்டு. 1998இல் ஹூஸ்டனில் பிறந்த டெல்டா ஃபை ஒமேகா அப்படி ஒன்று. இவற்றில் சேரும் முறையே வேறு, ஆகஸ்ட் அமளி கிடையாது.

நீ நிஜமாகவே ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் கடைசிச் சுற்றான பிரெஃபரன்ஸ். மெழுகுவத்தி, பாட்டு, அழுகை எல்லாம் இருக்கும். அந்த ஈரத்தோடு வெளியே வந்ததும் சேர விரும்பும் வீடுகளை ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நீ எழுதிக்கொடுத்த வீட்டிலிருந்து பிட் வந்து, வேண்டாம் என்று மறுத்தால், அடுத்த ரெக்ரூட்மென்ட் வரை அந்த வளாகத்தில் இந்த ரெக்ரூட்மென்ட்டை நடத்தும் கூட்டமைப்பின் வேறெந்தச் சொராரிட்டியிலும் சேர முடியாது. அதனால் நிஜமாகவே சேரச் சம்மதமான பெயர்களை மட்டும் எழுது. எதுவும் பிடிக்கவில்லையா, கையெழுத்துப் போடாமலே விலகலாம். இடம் மிச்சமிருக்கும் சொராரிட்டிகள் பிற்பாடு தனியாகவும் ஆள் சேர்ப்பதுண்டு.

அப்புறம், பல்கலைக்கழகம் இருக்கும் டஸ்கலூசாவின் ஆகஸ்ட் வெயிலில் வீடு வீடாக நடக்க வேண்டியிருக்கும். அதற்கென்று புதுச் செருப்பு வாங்காதே, காலுக்குப் பழகினதையே போட்டுப் போ.