பழைய ஜூயி சீட்டியா? சான்றிதழுக்குப் பணம் கட்டாதீர்கள்

பாரிஸிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பழம்பொருள் சந்தையில் சிவப்பு அச்சுப் போட்ட பருத்தித் திரைச்சீலை வாங்கினேன். 18-ஆம் நூற்றாண்டு 'துவால் த ஜூயி' (ஜூயி ஊர் அச்சுத் துணி) என்றார் வியாபாரி. இன்னும் 150 யூரோ கொடுத்தால் தெரிந்தவரிடம் சான்றிதழ் வாங்கித் தருகிறாராம். கொடுக்கலாமா?"

வேண்டாம் அம்மா. விற்றவரே ஏற்பாடு செய்து தரும் சான்றிதழ் வெறும் காகிதம்.

வெர்சாய் பக்கத்து ஜூயி ஊரில் ஓபர்காம்ப் என்பவர் 1760-இல் தொடங்கிய துணி அச்சு ஆலை 1843-இல் மூடிவிட்டது. நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணிகளுக்கு பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை தடை போட்டிருந்தது. அது நீங்கிய கையோடு வந்த ஆலை இது. ஆனால் இதே பாணியில் நாந்த், ரூவான் போன்ற வேறு பிரெஞ்சு ஊர்களிலும் அச்சடித்தார்கள். இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் அச்சடித்து அதே பெயரில் விற்கிறார்கள், கேட்பாரில்லை. பாலாடைக்கட்டிக்கும் ஒயினுக்கும் ஊர்ப்பெயரைக் கட்டிக்காக்கும் நாடு, இந்தத் துணியை இப்படி விட்டது எனக்கு ஆறவே இல்லை.

அதனால் இந்தத் துணிகளில் வழக்கமாக வரும் ஆடு மேய்க்கும் பெண், ஊஞ்சல் என்று படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். படத்தை எவரும் நகலெடுக்கலாம். துணியைப் பாருங்கள். கைநூற்பு இழை ஒரே சீராக இருக்காது, அங்கங்கே தடித்து மெலியும். இழை இயந்திரச் சீராக இருந்தால் 18-ஆம் நூற்றாண்டு என்ற பேச்சை நம்பாதீர்கள்.

அப்புறம், கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கை இருட்டறையில் அடியுங்கள். வெள்ளைப் பகுதி பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம். அப்படி ஒளிரவைக்கும் வெண்மையூட்டும் ரசாயனம் 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஆனால் இங்கே அவசரப்படக் கூடாது. உண்மையான பழைய துணியை யாராவது இன்றைய சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் அப்படியே ஒளிரும், ஏனென்றால் தூளிலும் அதே ரசாயனம் உண்டு. அப்போது தையலைக் கொஞ்சம் பிரித்து, மடிப்பின் உள்ளே பாருங்கள். அங்கே ஒளிராவிட்டால், வெளியே ஒளிர்ந்தது சலவைத்தூளாக இருக்கலாம். ஆனால் தூள் அங்கேயும் ஊறியிருக்கலாம், ஆகவே ஒளிர்வதை மட்டும் வைத்துப் போலி என்று தூக்கிப் போடாதீர்கள். ஒளிராவிட்டாலும் பழையதென்று முடிவாகாது.

சந்தேகம் தீராவிட்டால் துணியின் தெளிவான படங்களை ஏல நிறுவனங்களுக்கு அனுப்புங்கள். பெரும்பாலும் இலவசமாகவே மதிப்புச் சொல்வார்கள். ஒரே இடத்தோடு நிறுத்தாமல் இரண்டு இடத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை துவைக்காதீர்கள், வெயிலில் தொங்கவிடாதீர்கள்.