லேமினேஷன் வேண்டாம், டீச்சர்

கேள்வி: நாகர்கோவிலில் இருக்கும் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை நான். பழைய நாளிதழ், கல்யாணப் பத்திரிகை, வார இதழ்களின் வண்ணப் பக்கம் எல்லாவற்றையும் அரை அங்குலச் சதுரங்களாக வெட்டி, ஹார்ட்போர்டில் மொசைக் போல ஒட்டி, நடுநடுவே நூலும் பொத்தானும் வைத்து ஒரு தேர்த் திருவிழா கொலாஜ் செய்தேன். இரண்டே வருடத்தில் வானம் பழுப்பேறிவிட்டது. பலகை வளைந்திருக்கிறது. சில இடங்களில் குமிழ். கண்காட்சி ஏற்பாடு செய்யும் ஒருவர், "லேமினேஷன் பண்ணிடுங்க, நூறு வருஷம் தாங்கும். கடை நானே சொல்றேன்" என்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். மற்றதைப் படிக்க நேரமில்லை என்றால் இதோடு நிறுத்திக்கொண்டாலும் சரி.

லேமினேஷன் என்பது ஒரு பிளாஸ்டிக் தாளைச் சூட்டாலும் அழுத்தத்தாலும் படத்தோடு உருக்கி ஒட்டுவது. உங்கள் நூலும் பொத்தானும் அந்த அழுத்தத்தில் என்ன ஆகும்? "பொத்தானை எடுத்துட்டு அடிச்சுடலாம்மா" என்பார் கடைக்காரர். அப்புறம் அது உங்கள் தேரா? அதைவிடப் பெரிய கேடு, ஒருமுறை ஒட்டினால் திரும்ப எடுக்க முடியாது. பழுப்பேற்றும் அமிலம் காகிதத்துக்கு உள்ளேயே இருக்கிறது. மேலே பிளாஸ்டிக் போடுவது புழுத்த அரிசியை டப்பாவில் போட்டு இறுக மூடுவதுதான். 'கோல்டு லேமினேஷன்' (குளிர் முறை) என்று இன்னொன்று சொல்வார்கள். சூடு இல்லை, அவ்வளவே. அதுவும் பசைதான், ஒட்டினால் திரும்ப வராது.

பழுதுபார்க்க என்னிடம் வருகிற பத்துப் படங்களில் இரண்டு மூன்றாவது இப்படி லேமினேஷன் ஆனவை. உரிக்கப் போனால் காகிதத்தின் மேல்தோல் பிளாஸ்டிக்கோடு வந்துவிடும். கையை விரித்துத் திருப்பி அனுப்புகிறேன். கண்காட்சிக்காரர் எதற்காக லேமினேஷன் கேட்கிறார் தெரியுமா? வண்டியில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வசதி. கடையையும் அவரே சொல்கிறார் என்றால் அங்கே அவருக்கு என்ன கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நுழைவுக் கட்டணம், ஃபிரேம் கட்டணம், சான்றிதழ் கட்டணம் என்று நீளும் கண்காட்சிகளை நிறையப் பார்த்துவிட்டேன். ஓவியரிடமே காசு வாங்கிப் பிழைக்கிற கண்காட்சி, படத்தை விற்க மெனக்கெடாது.

சரி, பழுப்புக்கு வருவோம். நாளிதழ்த் தாள் மரக்கூழில் செய்தது. மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சம் பட்டால் பழுப்பாகும். உங்கள் ஹார்ட்போர்டும் மரம்தான், அது பின்னாலிருந்து அமிலத்தை விடுகிறது. இங்கிலாந்தில் மேரி டிலேனி என்ற அம்மையார் 1772இல், 72 வயதில், காகிதத்தை வெட்டி ஒட்டிப் பூக்கள் செய்யத் தொடங்கினார். பத்து வருடத்தில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் செய்து முடித்தார். 'பேப்பர் மொசைக்' என்றே அவற்றுக்குப் பெயர் வைத்தார். பிரிட்டிஷ் மியூசியத்தில் அவை இன்றும் இருக்கின்றன. அவர் காலத்துக் காகிதம் கந்தல் துணியில் செய்தது, மரக்கூழ் வரவில்லை. ரகசியம் வேறொன்றும் இல்லை. நமக்கும் வழி இருக்கிறது, புதுச்சேரி ஆசிரமத்தின் பருத்திக் கையாக்கக் காகிதத்தில் நீங்களே வண்ணம் தீட்டி வெட்டிக்கொள்ளலாம். பிரெஞ்சு ஓவியர் மாத்தீஸ் தம் கடைசிக் காலத்தில் காகிதம் வெட்டி ஒட்டிய 'கட்-அவுட்' படங்களுக்கு அப்படி வண்ணம் பூசிய தாளைத்தான் வெட்டினார்.

ஏறிய பழுப்பு இறங்காது. பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தடவச் சொல்லும் வீடியோவை நம்பிவிடாதீர்கள்.

வளைவுக்குக் காரணம், ஒரு பக்கம் மட்டும் ஒட்டியது. பசை ஈரத்தில் காகிதம் விரிகிறது, காயும்போது சுருங்கிப் பலகையைத் தன் பக்கம் இழுக்கிறது. பின்பக்கமும் அதே கனமுள்ள தாளை ஒட்டினால் அது மறுபக்கம் இழுக்கும். முழுதாக நிமிராவிட்டாலும் பாதிக்கு மேல் சரியாகும். பிறகு மரச் சட்டம் ஒன்றைப் பின்னால் வைத்து ஒட்டுங்கள். குமிழுக்கு, பிளேடு நுனியால் சின்னதாகக் கீறி, ஊசிமருந்துச் சிரிஞ்சில் நீர்த்த மைதாப் பசையை விட்டு விரலால் அழுத்துங்கள். பூச்சி வரும் என்று அந்தப் பசையில் மயில்துத்தம் போடச் சொல்வார்கள், போடாதீர்கள். சுவரொட்டிக்கு அது சரி. தாமிரம் காகிதத்தை அரிக்கும்.

செய்தித்தாளே கூடாதா என்றால், ஒரே ஒரு விதிவிலக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எல்லோரும் இடறுவது இங்கேதான். அந்தச் செய்திதான் படத்தின் உயிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுனாமிக்கு மறுநாள், 2004 டிசம்பர் 27 நாளிதழின் முதல் பக்கம் போல. அதை ஒட்டாதீர்கள், பருத்தித் தாளில் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் எடுத்து அதை ஒட்டுங்கள். ஜெராக்ஸ் கறுப்பு கரித்தூள், வெளுக்காது. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தால் பசை ஈரம் பட்டதும் மை ஊறிவிடும். தடிமனான கைத்தாளில் தூள் சரியாகப் பிடிக்காமலும் போகலாம், விரலால் தேய்த்துப் பாருங்கள், உதிர்ந்தால் கொஞ்சம் மெல்லிய தாளில் எடுங்கள். நகலைப் பளபளப்பான பிவிசி பிளாஸ்டிக் உறைக்குள் வைக்காதீர்கள், எழுத்து உறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அசல் பக்கம் இருட்டான பெட்டிக்குள் கிடக்கட்டும். இல்லை, அசலேதான் வேண்டும் என்றால், பழுப்பாகும் என்று தெரிந்தே ஒட்டுங்கள், பழுப்பையும் சேர்த்து நிறத்தைத் திட்டமிடுங்கள். 1912இல் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் தங்கள் படங்களில் ஒட்டிய செய்தித்தாள்கள் இன்று பழுப்பாகத்தான் இருக்கின்றன.

அடுத்த முறை 'ஆசிட் ஃப்ரீ' என்று அச்சடித்த தாளைக் கடைக்காரர் இரட்டை விலை சொல்லி நீட்டுவார். அந்த இரண்டு வார்த்தைகளை யாரும் எதிலும் அச்சடிக்கலாம், கேட்க நாதியில்லை. அமிலம் இருக்கிறதா என்று காட்டும் பிஎச் பேனாவால் ஓரத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். ஊதாவானால் வாங்குங்கள், மஞ்சளானால் திருப்பிக் கொடுங்கள். ஓவியக் கல்லூரி மாணவர்கள் என்னிடம் வரும்போது கேட்பேன், பிக்காசோவின் கியூபிசம் பாணி பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள், கையில் இருக்கும் தாள் எதில் செய்தது என்றால் விழிப்பார்கள். சென்னை அருங்காட்சியகத்தில் 1930இலேயே பாதுகாப்புக்கென்று வேதியியல் ஆய்வகம் வைத்த ஊர் இது. ஓவியக் கல்லூரியில் தாளைப் பற்றி ஒரு பாடம் சேர்க்க எத்தனை வருடம் ஆகும்?

கடைசியாக ஃபிரேம். கண்ணாடி பொத்தானையும் தாளையும் தொடாதபடி சுற்றிலும் கட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள், உங்கள் ஊருக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம், ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். முடிகிற வரை பட்டறையிலேயே நில்லுங்கள். நீங்கள் டீ குடிக்கப் போன ஐந்து நிமிடத்தில் ஃபிரேம்காரர் பின்பக்கத்துக்கு ஒரு பழைய நாளிதழை ஒட்டி, செல்லோடேப் போட்டு மூடிவிடுவார்.