டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட ஆரம்பித்தால் என்னென்ன மாற்றம் வரும்?

முதலில் ஒன்று கேட்கிறேன், குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா? இருந்தால் ஊசி போடுவதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வெளியிலிருந்து இந்த ஆண் ஹார்மோன் வந்ததும் மூளை விரைகளுக்கு அனுப்பும் உத்தரவைக் குறைத்துவிடும், விந்தணு உற்பத்தி கிட்டத்தட்ட நின்றே போகலாம், ஊசியை நிறுத்தினாலும் அது திரும்ப மாதக்கணக்கில் ஆகும். இதைப் பலருக்கு யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

சோர்வாக இருக்கிறது என்பதற்காக மட்டும் போடக்கூடாது. காலையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் அளவு இரண்டு தனித்தனி நாட்களில் குறைவாக வரவேண்டும், பொதுவாக 300 நானோகிராமுக்குக் கீழே (ஒரு டெசிலிட்டருக்கு), கூடவே அறிகுறிகளும் இருக்கவேண்டும்.

சரி, பலன்? பாலுணர்வு சில வாரங்களில் கூடும். தசை வலுவுக்கு மூன்று நான்கு மாதம், எலும்புக்கு இன்னும் அதிகம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியில் முதல் சில நாள் உற்சாகம், கடைசி நாட்களில் சோர்வு, எரிச்சல் என்று ஏறி இறங்கும். அப்படியானால் அளவைப் பிரித்து வாராவாரம் போட முடியுமா என்று கேளுங்கள், பலருக்கு அது சமமாக இருக்கும்.

அப்புறம் முகப்பரு வரலாம், மார்பு லேசாக வீங்கலாம். ரத்தம் கெட்டியாவதைத்தான் முக்கியமாகக் கவனிக்கவேண்டும்: ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்தி வைப்பார்கள். அதனால் அந்தப் பரிசோதனையையும், நாற்பது வயதைத் தாண்டியவர் என்றால் பிஎஸ்ஏ என்ற புரோஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள்.