மேற்பார்வையாளர் இல்லாத தேர்வு

தம்பி, அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது, அங்கே தேர்வில் மேற்பார்வையாளர் நிற்கமாட்டாராமே, மாணவர்களை மாணவர்களே விசாரிப்பார்களாமே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் சார்லட்ஸ்வில்லிலேயே குடியேறிவிட்டவன் சொல்கிறேன், இரண்டும் உண்மை.

வினாத்தாளைக் கொடுத்துவிட்டுப் பேராசிரியர் எழுந்து போய்விடுவது இங்கே உண்டு. உதவி பெறவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவீர்கள். இந்த வழக்கம் 1842-இல் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, முகமூடி போட்டுக் கலாட்டா செய்த ஒரு மாணவன் சட்டப் பேராசிரியர் ஜான் டேவிஸைச் சுட்டுக் கொன்றிருந்தான். அப்படிப்பட்ட ஊரில் மாணவனின் வாக்கை நம்பத் துணிந்தார்களே, அதுதான் எனக்கு இன்றும் வியப்பு.

குற்றத்தை விசாரிப்பது மாணவர்களின் குழு. விதியை மாற்றுவதும் மாணவர்களின் ஓட்டுத்தான். நெடுங்காலம் ஒரே தண்டனை: நிரந்தர வெளியேற்றம். 2022-இல் வாக்களித்து அதை இரண்டு பருவ விலக்கமாகக் குறைத்தார்கள். மறு ஆண்டு, குற்றத்துக்குத் தக்கபடி பலவகைத் தண்டனைகள் வந்தன. அதனால் பயம் விட்டுப்போய்விட்டது என்று எண்ணவேண்டாம்.

நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் தேர்வில் அல்ல, வீட்டுப்பாடத்தில். நான்கு பேர் சேர்ந்து வீடு எடுப்பீர்கள். அடுப்பில் சாம்பார் கொதித்து முடிவதற்குள் ஒருவன் எழுதிய புரோகிராம் மற்ற மூவரின் லேப்டாப்புக்கும் போயிருக்கும். ஊரில் ரெக்கார்டு நோட்டைக் கொடுக்காதவன்தான் கெட்டவன். இங்கே கொடுத்தவனும் குழுவின் முன் நிற்பான். 2001-இல் ஓர் இயற்பியல் பேராசிரியர் மாணவர்களின் கட்டுரைகளைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்தார். 158 பேர் மீது புகார் போனது. படிப்பை விட்டவர்கள், வெளியேற்றப்பட்டவர்கள், வாங்கிய பட்டத்தை இழந்தவர்கள் எல்லாம் சேர்த்து 48 பேர். தங்களுக்குத் தெரியாமல் தங்கள் கட்டுரை காப்பியடிக்கப்பட்டதால் சிக்கியவர்கள் பலர். அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள் என்றாலும் அந்த மாதங்களில் அவர்களுக்குத் தூக்கம் வந்திருக்காது.

சேர்ந்து படிப்பது குற்றமில்லை. எதுவரை சேரலாம் என்பது பாடத்துக்குப் பாடம் மாறும். ஒரு பேராசிரியர் கலந்து பேசுங்கள், எழுதும்போது தனியாக எழுதுங்கள் என்பார். இன்னொருவர் பேசவே கூடாது என்பார். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இதே கதை. வாய்மொழியாகக் கேட்டு விட்டுவிடாதீர்கள், மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். பேராசிரியரிடம் கேட்க நமக்குக் கூச்சம் அதிகம். இங்கே அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

உள்ளூர் மாணவன் இரண்டு பருவம் விலகினால் வீட்டுக்குப் போய் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவான். உங்கள் எஃப்-1 மாணவர் விசா முழுநேரப் படிப்பை நம்பி நிற்கிறது. பதிவு போனால் நாட்டை விட்டே கிளம்பவேண்டிவரும். புகார்க் கடிதம் ஏதாவது வந்தால், அறைத்தோழர்களிடம் யோசனை கேட்பதற்கு முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போங்கள்.